திரும்பி நின்ற சங்கு

வைகைக்கே கடலைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயோடு அதன் ஓட்டம் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நான், கடற்கரை உயிர்களைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதைப்புத்தகம் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"கடல எத்தன தடவ பாத்திருக்க?"

"ஒரு தடவ. ஒம்பது வயசுல, ராமேஸ்வரத்துல."

"எம்புட்டு நாளு?"

"மூணு நாளு."

"அப்ப மூணு பக்கம் எழுது, போதும்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிசைய ஆரம்பித்தார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது திருமங்கலம் முழுக்கத் தெரிந்த விஷயம். மூன்று பக்கம் போதும் என்று சொன்ன வாய்க்காகவே அறுபது பக்கம் எழுதினேன்.

அது யுத்த காலம். நான் திருமங்கலத்தில் போர்டு ஸ்கூலில் நாலாம் வகுப்பு டீச்சர். அவர் மதுரையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்; காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவார். புத்தகம் எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் திடீரென்று வந்துவிடவில்லை. எங்கள் பள்ளிக்கூட அலமாரியில் யாரோ ஒரு துரைசாணி கொடுத்துவிட்டுப்போன இங்கிலீஷ் படப்புத்தகம் ஒன்று இருந்தது. கடற்கரையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள் சின்ன வாளியில் மணல் அள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் அதை வகுப்பில் விரித்துக் காட்டினேன். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு பார்த்தார்கள். கல்லுப்பட்டி போகிற வழியில் ஓர் ஊரிலிருந்து நடந்து வரும் ஒரு சிறுமி, காட்டுவேலை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, படத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இம்புட்டு வெயில்ல மண்ணு அள்ளுதுகளே, இதுகளுக்குக் கூலி எம்புட்டு டீச்சர்?"

கூலி கிடையாது, அது விளையாட்டு என்றேன். அவள் நம்பவில்லை. வீட்டு ஆட்களோடு பருத்தி எடுக்கப் போகும் பிள்ளை அவள். சும்மா மண் அள்ளுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை எப்படி நம்புவாள்? அன்றைக்கு முடிவு செய்தேன், எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பிள்ளைகளே கடற்கரைக்குப் போகிற ஒரு புத்தகம் வேண்டும் என்று.

என் கதையில் ஓர் அண்ணனும் தங்கையும் திருமங்கலத்தில் ரயிலேறி ராமேஸ்வரம் போகிறார்கள். கரையில் ஒரு நண்டு அவர்களுடைய அதிரசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. அதைத் துரத்திப் போகிற வழியில், செத்த சங்கின் கூட்டுக்குள் குடியிருக்கும் இன்னொரு நண்டைப் பார்க்கிறார்கள். அதற்கு 'வாடகை வீட்டுக்காரர்' என்று பெயர் வைத்தேன். நுங்கு போல வழவழத்துக் கிடந்த ஒன்றைத் தங்கை தொட்டுவிட்டு, கை அரித்துக் குதிக்கிறாள். மீன் என்ற பெயர் இருந்தாலும் நட்சத்திர மீன் மீனே கிடையாது என்று அண்ணன் கண்டுபிடிக்கிறான். ராமேஸ்வரத்தில் நானும் கை அரித்துக் குதித்தவள்தான். அந்தப் பக்கத்தை மட்டும் யாரிடமும் கேட்காமல் எழுதினேன். மற்றதையெல்லாம் கருவாட்டு வியாபாரத்துக்கு வரும் ஆட்களைப் பிடித்துப் பிடித்துக் கேட்டு எழுதினேன்.

கடைசிக் கதை சங்கைப் பற்றியது. கரை நெடுகச் சங்குகள் ஒதுங்கிக் கிடக்கின்றன, பிள்ளைகள் மடி நிறையப் பொறுக்குகிறார்கள். அதற்கு ஒரு முழுப்பக்கப் படம் வேண்டும் என்று நானே வரைந்தேன். சனிக்கிழமைகளில் சங்கு ஊதி அரிசி வாங்க வரும் தாதரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அவர் சங்கை வாங்கி எதிரே வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து வரைந்தேன். ஆறு சங்கு. எல்லாம், ஊதுகிற முனைக்கு எதிரே கூம்பியிருக்கும் வால்முனை மேலே பார்க்க நின்றன.

படங்களை மரக்கட்டையில் செதுக்கிக் கொடுத்தவர் என் வீட்டுக்காரரின் சிநேகிதர், கதவு நிலைகளில் பூ வேலை செய்கிற ஆசாரி. கைவேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நண்டின் கொடுக்கில் இருக்கும் ரோமத்தைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார். அச்சக முதலாளி எங்கிருந்தோ கொஞ்சம் காகிதம் தேடிப் பிடித்தார். யுத்தத்தில் அரிசிகூடக் கிடைத்துவிடும், காகிதம் கிடைக்காது. இன்னொரு முறை அடிக்கிற பேச்சுக்கே இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

புரூபை நான் மூன்று முறை படித்தேன். ஒற்று விட்டுப்போனதா, ரகரம் றகரமாகிவிட்டதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். பிள்ளைகள் பிழைவிட்டால் விரல் முட்டியில் ஸ்கேலால் தட்டுகிறவள் ஆயிற்றே. ஒரு பிழையும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

புத்தகம் வந்த வாரத்தில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு மாமி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கோயிலில் வேலை.

"என்ன டீச்சர், உங்க புஸ்தகத்துல வலம்புரி போட்டிருக்கேளாமே! ஒண்ணு குடுங்கோ, பூஜையில வைக்கணும்."

"வலம்புரியா? சாதாரணச் சங்குதான் மாமி," என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். திருப்பின கை அப்படியே நின்றுவிட்டது.

சாதாரணச் சங்கை வால்முனை மேலே இருக்கப் பிடித்தால் அதன் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். லட்சத்தில் ஒன்றுக்குத்தான் வலப்பக்கம் திறக்கும். அதுதான் வலம்புரி, ராஜாக்கள் வீட்டிலும் பெரிய கோயில்களிலும் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற பொருள். என் புத்தகத்தில் ஆறு சங்குக்கும் வாய் வலப்பக்கம். ராமேஸ்வரத்துக் கரையில் ஆறு வலம்புரிகளை நான் வெங்காயம் கொட்டின மாதிரி கொட்டி வைத்திருந்தேன்.

ஆசாரி வீட்டுக்கு விடுவிடுவென்று போனேன்.

"அண்ணே, நான் வரஞ்சு குடுத்தத கட்டையில எப்படிண்ணே செதுக்குனீங்க?"

"நீ குடுத்த மாதிரியேதான் தங்கச்சி. மயிரிழை மாறல."

"திருப்பிச் செதுக்கலையா? அச்சுல விழுந்தா இடம் வலமாயிருமே!"

"எழுத்தத்தான் திருப்பிச் செதுக்கணும். நண்டுக்கு இடம் என்ன, வலம் என்ன?" என்று சிரித்தார்.

"சங்குக்கு?"

உளியைக் கீழே வைத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு, "சரி விடு தங்கச்சி. லச்சுமியே தேடி வந்திருக்கா, வேணாங்கிறியே," என்றார்.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? தப்பு என்னுடையது. எழுத்தை மூன்று முறை பார்த்தவள் படத்தை ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். அன்று வகுப்பில் யார் விரலிலும் நான் தட்டவில்லை.

அச்சக முதலாளிக்கோ கொண்டாட்டம். மாசி வீதிக் கடைகளில் வைத்த புத்தகங்கள், வலம்புரிப் படம் இருக்கிறது என்ற பேச்சு பரவினதும், நாலைந்து நாளில் போய்விட்டன. வாங்கினவர்கள் யாரும் கதை படிக்க வாங்கவில்லை. சங்குப் பக்கத்தை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து மாட்டிவிட்டு, என் நண்டையும் நட்சத்திர மீனையும் அடுப்படியில் போட்டார்கள். ஒரு வீட்டில் என் 'வாடகை வீட்டுக்காரர்' ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகைதான் வந்தது.

மிச்சமிருந்த புத்தகங்கள் பள்ளிக்கூடங்களுக்கு என்று ஒதுக்கி வைத்தவை. எங்கள் வட்டாரப் பள்ளிகளில் ஒரு புத்தகத்தைக் கொடுக்க வேண்டுமானால் இன்ஸ்பெக்டரின் அனுமதி வேண்டும். அவருக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தோம். அது திரும்பி வந்தது. சங்குப் படத்தின் ஓரத்தில், சிவப்பு மையில், முத்து முத்தான கையெழுத்து:

"வலம்புரி அரிதினும் அரிது. எங்கள் இல்லத்தில் ஒன்று உள்ளதால் இதனை நன்கு அறிவேன். அதனைக் கரை எங்கும் கிடப்பதாகக் காட்டுவது பிழை. பிழையுள்ள நூலைப் பிள்ளைகளுக்கு அளிக்க இயலாது."

முதலாளி அதைப் படித்துவிட்டுச் சந்தோஷமாகவே தலையாட்டினார்.

"நல்லதாப் போச்சு. மிச்சப் புத்தகத்துலயும் சங்குப் பக்கத்தக் கிழிச்சு, சட்டம் போட்டுத் தனியா வித்துரலாம். மத்த காகிதத்தப் பலசரக்குக் கடைக்குப் போட்டா மல்லி, மிளகு மடிக்க ஆகும். டீச்சரம்மா வருத்தப்படாதீங்க."

என் அறுபது பக்கமும் மல்லி மடிக்கப் போகிறது! வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதை இங்கே எழுத முடியாது. முதலாளி நல்ல மனுஷர், என் வீட்டுக்காரர் முகத்துக்காக, "ஆடி முடியிற வரைக்கும் பொறுக்குறேன். அதுக்குள்ள அனுமதி வந்தா வரட்டும்," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் நான் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு ஒட்டிரலாம். அச்சாபீஸ்ல வெட்டி எறியிற ஓரக்காகிதம் கெடக்கு."

"பிழைதிருத்தத்த எந்தப் பிள்ள படிக்கும்?" என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கு வேறொன்று தோன்றியது. அப்போதே பலப்பம் எடுத்துச் சிலேட்டில் எழுதினேன். மறுநாள் அவர் அதை அச்சுக் கோத்து, விரல் அகலச் சீட்டுகளாக அடித்துக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் கஞ்சிப் பசை காய்ச்சி, புத்தகத்துக்கு ஒன்றாக, கடைசிப் பக்கத்தில் ஒட்டினோம். சீட்டில் இருந்தது இதுதான்:

"இந்தப் புத்தகத்தில் ஒன்று திரும்பி நிற்கிறது. எது? ஆசிரியரும் கவனிக்கவில்லை, ஆசாரியும் கவனிக்கவில்லை. உன் ஊரிலேயே விடை இருக்கிறது. போய்ப் பார்."

என் வகுப்புக்கு மட்டும் புத்தகங்களைக் கொடுத்தேன். அனுமதி இல்லாமல் கொடுத்தது தப்புதான். அதற்கு என்ன தண்டனையோ வரட்டும் என்றுதான் கொடுத்தேன்.

அடுத்த பத்து நாள் திருமங்கலம் பட்ட பாடு! கடல் இல்லாத ஊரில் எத்தனை கடல் இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் வீட்டு நிலைவாசலில் பதித்த சங்கைக் குனிந்து பார்த்தார்கள். தாயம் விளையாடுகிற சோழியைப் புரட்டினார்கள். காளைகளின் சங்கு கோத்த கழுத்துப் பட்டையை ஆராய்ந்தார்கள். கருவாட்டுக் கடையில் நண்டைக் கேட்டுத் திட்டு வாங்கினார்கள். தாதரைத் தெருவில் மறித்து, "சங்கக் காமிங்க" என்று நிறுத்தினார்கள். நாலாம் நாள் ஒருத்தி அவள் அம்மாவின் பொட்டுக்கண்ணாடியைக் கொண்டுவந்து சங்குப் படத்துக்கு எதிரே பிடித்து, "டீச்சர், கண்ணாடிக்குள்ள சரியாப் போச்சு!" என்று கத்தினாள். வகுப்பே பெஞ்சு மேல் ஏறிவிட்டது.

அதோடு விட்டார்களா? ஊரில் வலம்புரி இருக்கிறது என்று பெருமை பேசுகிற வீடுகளைத் தேடிப் போனார்கள். மூன்று வீடு. ஒரு வீட்டில் உள்ளேயே விடவில்லை. மற்ற இரண்டிலும் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இடம்புரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் எங்கள் ஹெட்மாஸ்டரிடம் புகார் சொல்ல, அவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க படிப்புச் சொல்லிக் குடுக்கிறீங்களா, போலீஸ் வேல சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

ஆடி மாதக் கடைசியில் வருஷாந்திரப் பரிசோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஜரிகைத் தலைப்பாகை, நெற்றியில் பளிச்சென்று விபூதி. என் வகுப்பில் நுழைந்தவர் மேஜைமேல் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டார். ஹெட்மாஸ்டருக்கு வேர்த்தது. எனக்கும்தான்.

"இதை அனுமதிக்கலைன்னு எழுதியிருந்தேனே," என்றார் என்னிடம். பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் சங்குப் பக்கத்தை விரித்து வகுப்புக்குக் காட்டினார். "இதுல ஒரு தப்பு இருக்கு. என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

வகுப்பில் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் எழுந்தன. அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

கூலி எம்புட்டு என்று கேட்ட அந்தச் சிறுமி எழுந்து நின்றாள். பையிலிருந்து பழைய துணியில் சுற்றின ஒரு சங்கை எடுத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"சங்கு திரும்பி நிக்குதுங்கய்யா. வால மேல பிடிச்சா நெச சங்குக்கு வாயி இடது கைப்பக்கம். புத்தகத்துல வலது கைப்பக்கம். கட்டையில நேராச் செதுக்குனா அச்சுல திரும்பிக்கிரும்."

"பலே!" என்றார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. "உண்மையான வலம்புரியைப் பார்த்திருக்கியா?"

"இல்லைங்கய்யா. இந்த ஊருல இல்ல. தேடிப் பாத்துட்டோம்."

"எங்க வீட்டுல இருக்கு. என் தாத்தா காலத்துச் சங்கு."

"அதுக்கு வாயி எந்தப் பக்கம்ங்கய்யா?"

"வலம்புரின்னா வலப்பக்கம்தானே இருக்கும்?"

"நீங்க பாத்தீங்களாய்யா?"

ஹெட்மாஸ்டர் அவளை முறைத்தார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை, சிரித்தார். "முப்பது வருஷமா தினமும் அந்தச் சங்கால நான்தான் அபிஷேகம் பண்றேன். பார்க்காம இருப்பேனா?"

"எப்படி ஊத்துவீங்க?" என்று அவள் சங்கை நீட்டினாள். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகம்.

அவர் வாங்கிக்கொண்டார். ஸ்வாமிக்கு முன்னால் நிற்கிற மாதிரி நின்று, வால்முனையை முன்னால் நீட்டிப் பிடித்தார். முப்பது வருஷத்துப் பழக்கம். கண் பார்ப்பதற்கு முன்னாலேயே கை தன் இடத்துக்குப் போய்விட்டது. கட்டைவிரல் சங்கின் உதட்டில் போய்த் தானாக உட்கார்ந்தது. வாய் இடப்பக்கம். அந்தச் சங்கு அவர் கைக்குள் அத்தனை கச்சிதமாக அமர்ந்தது.

அவர் தன் விரலைப் பார்த்தார். சங்கைத் திருப்பி வேறு மாதிரி பிடித்துப் பார்த்தார். விரலுக்கு இடம் கிடைக்கவில்லை. மறுபடியும் பழைய மாதிரி பிடித்தார், சரியாக உட்கார்ந்தது. வலம்புரியில் பழகின விரல் என்றால் உதட்டை மறுபக்கம் அல்லவா தேடியிருக்கும்? எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது ஏது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எழவு வீட்டுல ஊதுற சங்குங்கய்யா. ஒரு நாளைக்குத் தாங்கன்னு எங்க அப்பா கேட்டு வாங்கியாந்தாரு."

ஹெட்மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சங்கை மேஜைமேல் வைத்தார், ஓசை வராமல். பிறகு புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்துச் சீட்டைப் படித்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். பரிசோதனைக் குறிப்பில்கூட என் வகுப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

புத்தகத்துக்குச் சங்கு ஊதியாச்சு என்றுதான் நினைத்தேன். என் வேலையும் போகும் என்று ஹெட்மாஸ்டர் ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் நாள் தபாலில் ஒரு கட்டு வந்தது. அதே புத்தகம். சங்குப் பக்கத்தில், அதே சிவப்பு மை, அதே முத்தான கையெழுத்து:

"ஒட்டுச்சீட்டுடன் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுமதிக்கப்படுகிறது. ஒரு பக்கமும் நீக்கக் கூடாது. படத்தை மாற்ற வேண்டாம்."

அதற்குக் கீழே, பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது.

"எங்கள் இல்லத்துச் சங்கின் வாய் இடப்பக்கம்."

நான் கூச்சல் போட்டேன். டீச்சர் கூச்சல் போடலாமா என்று யாராவது கேட்டிருந்தால் இன்னும் உரக்கப் போட்டிருப்பேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கே போய், ரயில் நிற்பதற்குள் ஜன்னலில் புத்தகத்தை நீட்டினேன். என் வீட்டுக்காரர் பிளாட்பாரத்தில் நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அறுபது பக்கமும் முழுசாப் போகுது," என்றார். அந்த வாரமே புத்தகங்கள் கட்டுக் கட்டாகக் கல்லுப்பட்டி வரை எல்லாப் பள்ளிகளுக்கும் போயின. ஒரு பக்கம்கூட மல்லி மடிக்கப் போகவில்லை.

அந்தக் கடைசி வரியை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் போட்ட ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். சங்கு கொண்டுவந்த அந்தச் சிறுமி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"உனக்குச் சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டேன்.

"இதுல என்ன இருக்கு டீச்சர்," என்றாள். "அவரு விரலு அன்னிக்கே சொல்லிருச்சே."